கலர் சேரலைன்னா இங்க் டப்பாவுக்கு ஓடாதீங்க, மொதல்ல புள்ளியப் பாருங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கேள்வில பாதிக்கு மேல டி-ஷர்ட்ல ஸ்கிரீன் பிரிண்டிங் பத்திதான், அதாவது சட்டத்துல (ஃப்ரேம்) இழுத்துக் கட்டின வலை (மெஷ்) வழியா ரப்பர் பட்டையால (ஸ்க்வீஜி) இங்க்க தள்ளி அச்சடிக்கிறது. நாலு கலர்ல (சயான்ங்கற வான நீலம், மெஜந்தாங்கற ரோஸ் செவப்பு, மஞ்சள், கருப்பு) போட்டோ பிரிண்ட் போட்டா கம்ப்யூட்டர்ல பாத்தது ஒண்ணு துணில வர்றது ஒண்ணு, கலர் சேர மாட்டேங்குது, இருட்டடிக்குது, சேறு மாதிரி வருதுன்னு எழுதியிருக்கீங்க. பழைய பேச்சா இருந்தாலும் இன்னிக்கும் ஒரு ஸ்ட்ரைக் ஆஃப், அதான் ஆர்டருக்கு முன்னாடி போட்டுக் காட்டுற சாம்பிள் பிரிண்ட், ரிஜெக்ட் ஆனா ஒரு சின்ன யூனிட்டுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், அதனால ஒவ்வொண்ணா நிதானமாவே சொல்றேன்.

கேள்வி: அண்ணா வணக்கம். ரெண்டு டேபிள் போட்டு சின்னதா யூனிட் நடத்துறேன். கிட்ஸ் ஆர்டர், வெள்ள டி-ஷர்ட்ல ஒரு கொழந்த மொகம், நாலு கலர். கம்ப்யூட்டர்ல மொகம் அழகா இருக்கு, துணில செங்கல் கலர்ல வருது, முடியும் கண்ணும் கருப்பா அப்பிக்குது. மெஜந்தால பேஸ் (கலர் இல்லாத இங்க்) கலந்து கலந்து பாத்துட்டேன், மொகத்துல செவப்பு கொறஞ்சா உதடு வெளுத்துடுது. மூணு ஸ்ட்ரைக் ஆஃப் போயிடுச்சு. என்னண்ணா பண்றது?
– ஒரு வாசகர், திருப்பூர்

தம்பி, உதடு வெளுத்துடுதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தையிலயே விசயம் இருக்கு. மெஜந்தா இங்க்கே காரமா இருந்தா உதடு, கன்னம் ரெண்டும் சேந்து செவக்கும், பேஸ் விட்டா ரெண்டும் சேந்து எறங்கும், அப்ப சரியாயிடும். உங்களுக்கு அப்படி இல்ல. உதட்டுல மெஜந்தா கிட்டத்தட்ட சாலிட், அதாவது புள்ளி தெரியாம முழுசா இருக்கு, அது இதுக்கு மேல பெருசாக வழியில்ல. கன்னத்துல மெஜந்தா ஒரு 30, 40 சதவீதம், அதாவது புள்ளி புள்ளியா இருக்கு, அந்தப் புள்ளி துணில வீங்கி 60 மாதிரி உக்காந்திருக்கு. அதனால கன்னம் மட்டும் செவக்குது. இத டப்பாவுல சரி பண்ணவே முடியாது, டாட் கெயின்னு சொல்றது இதத்தான். முடியும் கண்ணும் அப்பிக்கிறதும் இதே சமாச்சாரம்தான், 75, 80 சதவீதப் புள்ளியெல்லாம் வீங்கி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி சாலிட் ஆயிடுது.

எவ்ளோ வீங்கினா இப்படி ஆகும்னு ஒரு கணக்கு சொல்றேன், இத நீங்க போட்டுப் பாத்தா தூக்கம் வராது. 45 எல்பிஐ (இஞ்சுக்கு 45 புள்ளி வரிசை) ஃபிலிம்ல ஒரு புள்ளிக்குக் கிடைக்கிற கட்டம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல, 0.56 மில்லி. 50 சதவீதப் புள்ளியோட குறுக்களவு 0.45 மில்லி. அந்தப் புள்ளி சுத்திலும் வெறும் 0.03 மில்லி பரவுதுன்னு வைங்க, தல முடில பாதி கூட இல்ல, அதுக்கே 50 சதவீதம் 64 ஆயிடும். அதே 0.03 மில்லி 10 சதவீதப் புள்ளில பரவினா 10, 17 ஆகுது, அவ்ளோதான். நடு டோன், அதாவது 50 சதவீதத்த ஒட்டின புள்ளிதான் அதிகமா அடி வாங்கும், ஏன்னா அங்கதான் புள்ளியோட ஓரம் நீளம், ஓரத்துலதான் இங்க் பரவும். மனுச மொகம் பூரா நடு டோன்தான். பூ, லோகோன்னா கண்ணு பொறுத்துக்கும், மொகம் கொஞ்சம் செவந்தாலும் யாருக்கும் புடிக்காது.

சரி, எங்க வீங்குது? இத கண்டுபிடிக்க ஒரு லென்ஸ் வாங்குங்க, 10 மடங்கு போதும், பாக்கெட் மைக்ராஸ்கோப் கெடச்சா இன்னும் நல்லது. ஒரே எடத்த, கன்னத்துல ஒரு எடம்னு வைங்க, மூணு தடவ பாக்கணும், ஃபிலிம்ல ஒரு தடவ, கழுவிக் காய வச்ச ஸ்கிரீன்ல ஒரு தடவ, துணில ஒரு தடவ. ஃபிலிம்லயே புள்ளி பெருசா இருந்தா ஃபிலிம் எடுத்த எடத்துல குத்தம், அவங்க மெஷின் 50 கேட்டா 50 தரல. ஃபிலிம்ல சரி, ஸ்கிரீன்ல ஓரம் கடிச்ச மாதிரி பெருசா இருந்தா எக்ஸ்போசிங், அதான் ஃபிலிம் வச்சு லைட் காட்டுறது, பத்தல, கழுவும்போது ஓரத்து எமல்ஷன் (மெஷ்ல தடவுற, லைட் பட்டா இறுகுற பூச்சு) கரைஞ்சு போச்சு. ரெண்டுலயும் சரியா இருந்து துணில வீங்கியிருந்தா டேபிள்ல குத்தம். நான் பாத்த வரைக்கும் பத்துக்கு ஏழு கேஸ் டேபிள்தான்.

டேபிள்னு சொன்னா மொதல்ல மெஷ் டென்ஷன், அதான் வலை எவ்ளோ இறுக்கமா இருக்குங்கறது. நான் மாஸ்டரா இருந்த ஒரு யூனிட்ல இதே மாதிரி ஒரு கொழந்த மொகம் வந்துச்சு, இதே செவப்பு, நானும் ரெண்டு நாள் மெஜந்தா டப்பாவோடதான் மல்லுக்கட்டினேன். மூணாவது நாள் சாயங்காலம் டேபிள்ல குனிஞ்சு, பையன் ஸ்ட்ரோக் அடிக்கும்போது (ஸ்க்வீஜிய இழுக்கும்போது) மெஷ்ஷ பக்கவாட்டுல இருந்து பாத்தேன். மஞ்சள் ஃப்ரேம்ல ஸ்க்வீஜி நகர நகர மெஷ் அது பின்னாடியே துணிய விட்டு டக்குன்னு எந்திரிக்குது. மெஜந்தா ஃப்ரேம்ல ஸ்க்வீஜி ஒரு சாண் தள்ளிப் போனதுக்கு அப்புறம்தான் மெஷ் மெதுவா, சர்ர்ருனு ஒட்டுப் பிரியிற சத்தத்தோட எந்திரிக்குது. அந்த ஒரு சாண் தூரம் மெஷ் துணியோட ஒட்டிக் கெடக்குற நேரத்துலதான் இங்க் புள்ளிக்கு வெளிய கசியுது. டென்ஷன் மீட்டர் வச்சுப் பாத்தா மத்த மூணும் 20 நியூட்டன் கிட்ட, மெஜந்தா மட்டும் 11. கையில இழுத்து ஆணி அடிச்ச மரச் சட்டம், தண்ணில நனைஞ்சு நனைஞ்சு கோணியிருந்துச்சு. ஃப்ரேம மாத்தினோம், அதே இங்க், அதே ஃபிலிம், மொகம் மொகமா வந்துடுச்சு.

அதனால நாலு கலர் வேலைக்கு மரச் சட்டம் வேண்டாம் தம்பி, அலுமினிய ஃப்ரேம்ல மெஷின் வச்சு இழுத்து ஒட்டினது வாங்குங்க, சென்டிமீட்டருக்கு 25 நியூட்டன் இருந்தா நிம்மதி, 20க்குக் கீழ எறங்கினா ஹாஃப்டோனுக்கு, அதான் இந்தப் புள்ளி வேலைக்கு, அத எடுக்காதீங்க, சாதா சாலிட் வேலைக்குத் தள்ளிடுங்க. அளவவிட முக்கியம், நாலு ஃப்ரேமும் ஒரே டென்ஷன்ல இருக்கணும், ஒண்ணுக்கொண்ணு 2 நியூட்டன் வித்தியாசம் தாண்டக் கூடாது. நாலுலயும் ஒரே அளவு கெயின் இருந்தா படம் மொத்தமா கொஞ்சம் இருட்டா இருக்கும், அத ஃபிலிம்ல சரி பண்ணிக்கலாம். ஒண்ணுல மட்டும் கூடினா கலரே சாஞ்சுடும், உங்களுக்கு நடந்தது அதுவாத்தான் இருக்கணும்.

அடுத்து இடைவெளி, அதான் மெஷ்ஷுக்கும் துணிக்கும் நடுவுல விடுறது. டென்ஷன் நல்லா இருந்தா ஒன்றரை மில்லி போதும், ஒரு ரூபா காசு தடிமன் கிட்டத்தட்ட அவ்ளோ வரும். தொட்டுட்டு இருந்தா மெஷ் ஒட்டிக்கும், 4, 5 மில்லின்னு தூக்கி வச்சா மெஷ்ஷ கீழ தள்ளவே அமுக்க வேண்டியிருக்கும், படமும் நீண்டு ரிஜிஸ்டர் போயிடும், நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காராது.

அப்புறம் ஸ்க்வீஜி. சாலிட் வேலைக்கு வச்சிருக்குற 60 ஷோர் (ரப்பர் எவ்ளோ கடினம்னு சொல்ற அளவு) மெத்து ரப்பரையே இதுக்கும் எடுக்குறோம், அது அமுக்குனா வளைஞ்சு ஓரத்துக்குப் பதிலா வயித்தால இங்க்க தள்ளும். 75, 80 ஷோர் எடுங்க, இல்ல நடுவுல கடினமா இருக்குற 70/90/70 மூணு அடுக்கு ரப்பர். ஓரம் கத்தி மாதிரி நறுக்குன்னு இருக்கணும், நகத்தால வருடிப் பாருங்க, உருண்டிருந்தா தீட்டிட்டுதான் வேலைய ஆரம்பிக்கணும். ரெண்டு ஸ்ட்ரோக் அடிக்கிற பழக்கம் நம்ம டேபிள்காரங்க எல்லாருக்கும் கையிலயே ஊறிப் போச்சு, ஹாஃப்டோன்ல அந்த ரெண்டாவது ஸ்ட்ரோக் புள்ளி மேல மறுபடி இங்க்க தள்ளி ஓரத்தப் பரப்பும், ஒரே ஸ்ட்ரோக், கம்மியான அமுக்கு. ஒரே ஸ்ட்ரோக்ல மெஷ் காலியாகலைன்னா இங்க்லயோ மெஷ்லயோ குறை இருக்கு, கைய குத்தம் சொல்லி இன்னும் அமுக்கக் கூடாது. தண்ணியோ ரெட்யூசரோ விட்டு இளக்கின இங்க்கும் வேண்டாம், இளகினா பரவும்.

இந்த எல்லாத்தையும் சரி பண்ணிட்டு மெஜந்தா டப்பாவ பழைய மாதிரி பேஸ் இல்லாம எடுத்து ஒரு ஸ்ட்ரைக் ஆஃப் போடுங்க. உதடு உதடா நிக்கும், கன்னம் எறங்கும்.

கேள்வி: கஸ்டமர் ஒருத்தர் ஆப்செட் மாதிரி ஃபைனா வேணும்ங்கறார். 65 எல்பிஐல ஃபிலிம் எடுத்து 77 டி மெஷ்ல போடலாமுங்களா?
– வாசகர், அவிநாசி

வேண்டாமுங்க. 77 டின்னா சென்டிமீட்டருக்கு 77 இழை, இஞ்சுக்கு 195. மெஷ் எண்ணிக்கைய அஞ்சால வகுத்தா வர்றதுதான் நீங்க தைரியமா போடக்கூடிய எல்பிஐ, 195க்கு 39 வருது, 35ல நில்லுங்க. 120 டி மெஷ், அதாவது இஞ்சுக்கு 305 இழை எடுத்தா 55 வரைக்கும் போகலாம், ஆனா டி-ஷர்ட் துணிக்கு 45லதான் எனக்கு மனசு நிம்மதி.

மேல சொன்ன கணக்கையே இதுக்கும் போட்டுக் காட்டறேன். அதே 0.03 மில்லி பரவல், 45 எல்பிஐல 50 சதவீதம் 64 ஆச்சு, 65 எல்பிஐல அதே 50, 71 ஆகும். புள்ளி சின்னதாக ஆக ஓரம் கூடுது, வீக்கம் கூடுது. இன்னொரு பக்கம் 65 எல்பிஐல 3 சதவீதப் புள்ளி 0.076 மில்லிதான், 120 டி மெஷ்லயே ஒரு இழைல இருந்து அடுத்த இழைக்கு 0.083 மில்லி, அப்ப அந்தப் புள்ளி இழை குறுக்கு வெட்டுற எடத்துக்கு நேரா விழுந்தா இங்க் எறங்க வழியே இல்ல. ஆக லைட்டான எடம் காணாமப் போகும், நடு எடம் இருட்டாகும், கஸ்டமர் கேட்ட ஃபைன் எங்கயும் வராது. டி-ஷர்ட்ட யாரும் கண்ணுகிட்ட வச்சுப் பாக்க மாட்டாங்க, நாலடி தள்ளி நின்னுதான் பாப்பாங்க, 45ல போட்ட நல்ல பீஸ் ஒண்ண அவர் கையில குடுத்து நாலடி தள்ளி வச்சுக் காட்டுங்க, ஒத்துக்குவார்.

கேள்வி: எக்ஸ்போஸ் டைம் கொறச்சா புள்ளி ஓரம் எல்லாம் தேஞ்சு போகுது, கூட்டினா சின்னப் புள்ளி தெறக்கவே மாட்டேங்குது. நடுவுல எங்கயும் நிக்க மாட்டேங்குது சார்.
– வாசகர், ஈரோடு

நடுவுல நிக்கலைன்னா டைம்ல குறையில்ல, அதுக்கு முன்னாடியே ஏதோ போயிருக்கு. ஃபிலிமோட கருப்ப லைட் மேல பிடிச்சுப் பாருங்க, பழுப்பா வெளிச்சம் தெரிஞ்சா அது வழியா லைட் பூந்து சின்னப் புள்ளிய மூடிடும், நீங்க அதுக்குப் பயந்து டைம கொறைக்கிறீங்க, அதனால எமல்ஷன் வேகாம ஓரம் தேயுது. ஃபிலிமோட இங்க் இருக்குற பக்கம் எமல்ஷனத் தொடணும், திருப்பி வச்சா ஃபிலிம் தடிமன் அளவுக்கு லைட் பக்கவாட்டுல நுழையும். காத்த உறிஞ்சி ஃபிலிம மெஷ்ஷோட ஒட்ட வைக்கிற வேக்குவம் இல்லாம கண்ணாடி மேல செங்கல்லு தூக்கி வைக்கிறவங்க இன்னும் இருக்காங்க, சாலிட்டுக்கு அது ஓடும், ஹாஃப்டோனுக்கு ஓடாது. டியூப் லைட் பெட்டியும் அதே மாதிரிதான், லைட் நாலா பக்கத்துல இருந்தும் வருது, புள்ளிக்கு அடியில பூந்துடும், ஒரே எடத்துல இருந்து வர்ற லைட்டுன்னா நல்லது.

மெஷ் வெள்ளையா? வெள்ள இழை லைட்ட வாங்கி பக்கத்துக்குக் கடத்தும், மஞ்ச மெஷ்ஷுக்கு மாறுங்க, டைம் கூடப் புடிக்கும், டெஸ்ட் போட்டுக் கண்டுபிடிச்சுக்கலாம். எமல்ஷன் தடவின ஃப்ரேம் நல்லாக் காஞ்சிருக்கணும், மழைக் காலத்துல கைக்குக் காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஈரம் இருக்கும், அந்த ஈரம் இருக்குற வரைக்கும் எவ்ளோ லைட் குடுத்தாலும் சரியா வேகாது.

கேள்வி: அண்ணே, மஞ்சளும் நீலமும் மேல மேல போட்டா பச்சை வரணும்ல, எனக்கு சேத்துப் பச்சையா வருது. ஆரஞ்சு செத்துப் போன மாதிரி இருக்கு. கடையில இருக்குற நல்ல கலர்தான் வாங்கினேன்.
– புதுசா தொழில் ஆரம்பிச்ச வாசகர், கோயம்புத்தூர்

நல்ல கலர்தான் தம்பி, ஆனா இந்த வேலைக்கு உள்ள கலர் இல்ல. ராயல் ப்ளூவும் கோல்டன் எல்லோவும் எடுத்தீங்கன்னு நெனைக்கிறேன். ராயல் ப்ளூக்குள்ள ஏற்கனவே செவப்பு சாயல் இருக்கு, கோல்டன் எல்லோக்குள்ளயும் இருக்கு, ரெண்டும் சேந்தா பச்சையோட செவப்பும் கலந்து சேறுதான் வரும். சயான், மெஜந்தா, பிராசஸ் எல்லோன்னு பேர் சொல்லிக் கேட்டு வாங்குங்க, ஒரே கம்பெனி செட்டா இருக்கட்டும்.

இன்னொண்ணு, நம்ம சாதா டி-ஷர்ட் இங்க் பலதும் மூடுற இங்க், கீழ இருக்குறத மறைக்கணும்னே செஞ்சது. நாலு கலர் வேலைல கலர் கலக்குறது டப்பாவுல இல்ல, துணி மேல, கீழ இருக்குற மஞ்சள் மேல இருக்குற சயான் வழியா கண்ணுக்குத் தெரியணும், அப்பதான் பச்சை. மூடுற இங்க் போட்டா மேல உள்ளதுதான் தெரியும். வாங்கும்போது ஒரு சின்ன சோதனை பண்ணுங்க, ஒரு ஓஹெச்பி ஷீட்ல (கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள்) இங்க்க மெல்லிசா இழுத்து தினசரி பேப்பர் மேல வைங்க, எழுத்து தெளிவா படிக்க முடிஞ்சா இந்த வேலைக்கு ஆகும், எழுத்து மங்கினா ஆகாது. இங்க்க லேசாக்கணும்னா ஹாஃப்டோன் பேஸ் விடுங்க, வெள்ள மட்டும் விட்டுடாதீங்க, ஒரு ஸ்பூன் வெள்ள போதும் செட்டையே கெடுக்க. வரிசை மஞ்சள், மெஜந்தா, சயான், கடைசில கருப்புன்னு போடுங்க, பெரும்பாலும் அது சரியா வரும்.

கருப்பு டி-ஷர்ட்ல இந்த நாலு கலர நேரா போட முடியுமான்னும் கேட்டிருந்தீங்க, முடியாது, கண்ணாடிக் கலர் கருப்பு மேல தெரியாது. அடியில வெள்ள போடணும், இல்ல ஸ்பாட் கலர்லயே, அதான் ஒவ்வொரு கலரையும் தனியா கலந்து, ஆறு, எட்டு ஸ்கிரீன் பிரிச்சுப் பண்றது, அது தனி வித்தை, இன்னொரு இதழ்ல எழுதறேன்.

கேள்வி: துணி மேல பூப்பூவா, கட்டம் கட்டமா ஒரு டிசைன் ஓடுது. ஃபிலிம்ல அது இல்ல. என்ன அது?
– வாசகர், பல்லடம்

அது மொய்ரே. ரெண்டு கொசுவலைய ஒண்ணு மேல ஒண்ணு வச்சுத் திருப்பினா ஒரு அலை ஓடும் பாத்திருக்கீங்களா, அதேதான், இங்க புள்ளி வரிசை ஒரு வலை, மெஷ் ஒரு வலை. ஆப்செட்காரங்க புள்ளி வரிசையோட கோணம் 15, 75, 0, 45ன்னு போடுவாங்க, ஃபிலிம் எடுக்குறவங்க அதையே நமக்கும் குடுத்துடறாங்க, அதுல 0வும் 45ம் மெஷ் இழையோட நேரா மோதும். எல்லாத்தையும் 7.5 நகத்துங்க, சயான் 22.5, மெஜந்தா 82.5, மஞ்சள் 7.5, கருப்பு 52.5. எடுத்த ஃபிலிம லைட் டேபிள்ல போட்டு மேல வெறும் மெஷ் ஃப்ரேம வச்சுப் பாருங்க, அலை தெரிஞ்சா ஃப்ரேம கொஞ்சம் திருப்புங்க, எந்தக் கோணத்துல அடங்குதோ அதக் குறிச்சு அந்த சாய்வுல ஃபிலிம ஒட்டி எக்ஸ்போஸ் பண்ணுங்க. அஞ்சு நிமிச வேலை, எமல்ஷன் தடவறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்.

அப்படியும் அலை வந்தா துணியப் பாருங்க. நிட்டட் துணிக்கே நீளவாக்குல ஒரு வரி இருக்கு, கொறகொறன்னு இருக்குற துணில அந்த வரியும் புள்ளியும் மோதும். அங்க எல்பிஐ கொறைக்கிறது ஒண்ணுதான் வழி.

கேள்வி: ஆட்டோ மெஷின். காலைல பையர் க்யூசி (தரம் பாக்குறவர்) வந்து ஓகே பண்ணின பீஸுக்கும் மத்தியானம் வர்ற பீஸுக்கும் சம்பந்தமே இல்ல, இருட்டா வருது. பிளாஸ்டிசால் இங்க் (சூட்டுல இறுகுற பிளாஸ்டிக் இங்க்), செட்டிங் எதையும் தொடல.
– மெஷின் ஆபரேட்டர், திருப்பூர்

நீங்க தொடல, சூடு தொட்டுருச்சு. காலைல பேலட் (துணி மாட்டுற பலகை) ஜில்லுன்னு இருக்கும், ஃப்ளாஷ் (நடுவுல இங்க்க காய வைக்கிற ஹீட்டர்) ஓட ஓட பத்து மணிக்கெல்லாம் கை வச்சா சுடும், அந்த சூடு மெஷ்ஷுக்கு ஏறி இங்க்க இளக்கும், இளகின இங்க் புள்ளிய விட்டு வெளிய போகும். கூடவே ஈரத்து மேல ஈரம் போடறதால மொத கலர் ரெண்டாவது ஸ்கிரீனோட அடில ஒட்டும், அது அடுத்த பீஸ்ல முத்திரை மாதிரி பதியும், ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு நூல் ஏறிட்டே போகும். மெஷின நிறுத்தி மூணாவது, நாலாவது ஸ்கிரீனோட அடிப் பக்கத்த வெரலால தொட்டுப் பாருங்க, மஞ்சளும் மெஜந்தாவும் மேடு கட்டியிருக்கும்.

காலைல மொத பீஸ எடுத்து ஓகே வாங்குறதுதான் இதுல பெரிய தப்பு, இத எத்தன யூனிட்ல சொல்லியும் யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. வேஸ்ட் துணி போட்டு பேலட் சூடாகுற வரைக்கும் ஓட்டுங்க, அடியில ஒட்டுறது ஒரு அளவுல வந்து நிக்கும், அதுக்கு அப்புறம் வர்ற பீஸ க்யூசிக்குக் காட்டுங்க. நாள் பூரா அதே மாதிரி வரும். ஃப்ளாஷ் சூட்ட தொட்டா ஒட்டாத அளவுக்கு மட்டும் வைங்க, அங்கயே க்யூர் பண்ண (இங்க்க முழுசா இறுக வைக்க) பாக்காதீங்க, க்யூரிங் கன்வேயர்ல 160 டிகிரில நடக்கட்டும்.

வாட்டர் பேஸ் ஓட்டறவங்களுக்கு இதுக்கு நேர்மாறா நடக்கும், போகப் போக படம் வெளுக்கும். அது இங்க் மெஷ்லயே காஞ்சு புள்ளி அடைக்கிறது. ரிட்டார்டர் (இங்க் சீக்கிரம் காயாம பாத்துக்குறது) கலந்துக்கணும், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கு அப்புறமும் இங்க்க மெஷ் மேல மூடி விடணும், ஃபேன் காத்து ஃப்ரேம் மேல நேரா அடிக்கக் கூடாது.

கேள்வி: வீட்ல இருந்தபடியே கேன்வாஸ் பேக்ல பிரிண்ட் பண்றேன் சார். போட்டோ கேக்குறாங்க, வாட்டர் பேஸ்ல போட்டா மங்கலா கலங்கின மாதிரி வருது.
– வாசகி, மதுரை

கேன்வாஸ் நூல் தடிமன் உங்க புள்ளியவிடப் பெருசு மா, பாதிப் புள்ளி நூல் மேட்டுல உக்காருது, பாதி பள்ளத்துல விழுந்து நூல் வழியா ஊறுது. 30, 35 எல்பிஐக்கு எறங்குங்க, நாலு கலர விட்டுட்டு ஒரே கலர்ல, இல்ல ரெண்டு கலர்ல போட்டோ போட்டுக் குடுங்க, புள்ளி கண்ணுக்குத் தெரியிறதே பேக்ல ஒரு அழகு, நெறய பேர் அத விரும்பித்தான் கேக்குறாங்க.

கேள்வி: பாலியஸ்டர் மெஷ்லதான் போடறோம், ஏன் இன்னும் சில்க் ஸ்கிரீன்னு சொல்றோம்?
– பாலிடெக்னிக் மாணவர், சிவகாசி

மொதல்ல பட்டுதான் தம்பி. 1907ல மான்செஸ்டர்ல சாமுவேல் சைமன்ங்கறவர் பட்டுத் துணிய சட்டத்துல கட்டி அச்சடிக்கிறதுக்குப் பேட்டன்ட் வாங்கினார், பேர் அப்படியே நின்னுடுச்சு. பட்டு நூல் பல இழை சேந்து முறுக்கினது, ஓரம் பஞ்சு பஞ்சா இருக்கும், தண்ணி பட்டா தளரும், அதுல இன்னிக்கு நாம போடற புள்ளி நிக்காது. பாலியஸ்டர் ஒத்த இழை, வழவழன்னு இருக்கும், இழுத்த டென்ஷன்ல நிக்கும்.

கேள்வி: நான் டிசைனர். செப்பரேஷன் போட்டு, அதான் படத்த கலர் கலராப் பிரிச்சு, ஃபிலிம் குடுக்கறேன். எது நடந்தாலும் யூனிட்ல ஃபிலிம் தப்புங்கறாங்க. டாட் கெயினுக்கு எவ்ளோ கொறச்சுக் குடுக்கணும்? ஒருத்தர் 20ங்கறார், ஒருத்தர் 35ங்கறார்.
– வாசகி, திருப்பூர்

ரெண்டு பேரும் அவங்கவங்க டேபிளுக்கு சரியாத்தான் சொல்றாங்க மா. வேற டேபிள், வேற துணின்னா நம்பரும் வேற. யாரையும் கேக்காம நீங்களே அளந்துக்கலாம், அளக்குற மெஷின் இல்லாமயே.

5, 10, 15ன்னு 100 வரைக்கும் ஒரு ஸ்டெப் வெட்ஜ் (படிப்படியா கருப்பேறுற கட்டங்களோட பட்டை) போடுங்க, அது பக்கத்துலயே நீளத்துக்கு 1 மில்லி கோடு, 1 மில்லி இடைவெளின்னு ஒரு பட்டை வைங்க. இத நாலு கலருக்கும் ஃபிலிம் எடுத்து, அந்த யூனிட்டோட மெஷ், அவங்க இங்க், ஆர்டருக்கு வர்ற அதே துணி, அதே ஆள் கையால பிரிண்ட் போடச் சொல்லுங்க. அந்தக் கோட்டுப் பட்டை பாதிக்குப் பாதி, கோடு பெருசுங்கறதால அதுல வீக்கம் ரொம்பக் கொஞ்சம்தான், ஏறக்குறைய நெசமான 50 சதவீதம். துணிய செவுத்துல மாட்டிட்டு பன்னெண்டு, பதினஞ்சு அடி தள்ளி நின்னு கண்ண இடுக்கிப் பாருங்க, கோடு கலந்து ஒரே டோனா தெரியும். ஸ்டெப் வெட்ஜ்ல எந்தக் கட்டம் அதோட ஒத்துப் போகுதோ அதுதான் விடை. 35ன்னு எழுதின கட்டம் ஒத்துப் போனா, அந்த டேபிள்ல 35 குடுத்தா 50 வருதுன்னு அர்த்தம், அப்ப கர்வ்ஸ்ல (கம்ப்யூட்டர்ல டோன ஏத்தி எறக்குற எடம்) 50 இருக்குற எடத்த 35க்கு எறக்கணும். மஞ்சள் மட்டும் கண்ணுக்கு சிக்காது, நீலக் கலர் செலோஃபேன் பேப்பர் வழியா பாருங்க, மஞ்சள் கருப்பா தெரியும், அப்ப ஒப்பிடலாம்.

வெட்ஜ்லயே எந்தக் கட்டத்துல இருந்து சின்னப் புள்ளி வர ஆரம்பிக்குது, எங்க அப்பிக்குதுன்னும் குறிச்சுக்கங்க. 5 வரலைன்னா மொகத்துல மினுக்குற எடத்த அதுக்குக் கீழ விட வேண்டாம், 80ல அப்பிக்குச்சுன்னா கருப்ப 80க்கு மேல ஏத்த வேண்டாம். புள்ளி வடிவம் முட்டை வடிவமா குடுங்க, சதுரப் புள்ளி 50ல நாலு மூலையும் ஒரே நேரத்துல தொட்டு அங்க டோன் டக்குன்னு குதிக்கும், முட்டைப் புள்ளி ரெண்டு தவணையா தொடும், கன்னத்து மேல அந்தக் கோடு விழாது.

பக்கத்துலயே சயான் 50, மெஜந்தா 40, மஞ்சள் 40 மேல மேல விழற மாதிரி ஒரு கட்டமும் வைங்க. ஆப்செட்ல பழகின கணக்கு அது, சாம்பல் வரணும், நம்ம இங்க்ல அச்சு அசலா வராட்டியும் எந்தப் பக்கம் சாயுதுன்னு சொல்லிடும், செவந்தா மெஜந்தா ஸ்கிரீன மொதல்ல பாருங்க. ஒவ்வொரு ஆர்டர் ஃபிலிம்லயும் வெட்டிப் போற ஓரத்துல இந்தக் கட்டம் இருக்கட்டும், அடுத்த தடவ ஃபிலிம் தப்புன்னா லென்ஸ எடுத்து ஃபிலிம்லயும் ஸ்கிரீன்லயும் துணிலயும் அதே கட்டத்த அவங்களுக்கே காட்டலாம்.

கர்வ சேவ் பண்ணும்போது ஃபைல் பேர்லயே யூனிட், மெஷ், இங்க், துணியோட ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தன கிராம்) நாலும் எழுதி வைங்க. 160 ஜிஎஸ்எம் துணிக்குப் போட்ட கர்வ 220க்குத் தூக்கிப் போட்டு ஒரு ஆர்டர் போனத நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், துணி மாறினா அந்த வெட்ஜ மட்டும் மறுபடி ஒரு தடவ போட்டுடுங்க, அரை நாள்ல முடிஞ்சுடும்.